புல்மேட்டில் மரம் நட்டால் அரிய செடிகள் பிழைக்குமா?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். குறிஞ்சி மாதிரியான அரிய மலைச்செடிகளைச் சட்டம் போட்டுப் பாதுகாத்த பிறகும் அவை ஏன் குறைந்துகொண்டே போகின்றன, சுற்றுலா வருகிறவர்கள் பறிப்பதுதான் காரணமா என்பது ஒன்று. நண்பர்கள் சேர்ந்து கொடைக்கானலுக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் ஒரு புல்மேட்டில் மரக்கன்று நடப் போகிறோம், அது இந்தச் செடிகளுக்கு உதவுமா என்பது இன்னொன்று. மலைச்செடிகளை எது அழிக்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். நான் தாவரவியல் படித்து, நீலகிரியிலும் பழனி மலையிலும் செடிக் கணக்கெடுப்பு வேலையில் பல வருடங்கள் இருந்தவன். இந்த இரண்டு மலைகளைப் பற்றிச் சொல்வதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தெற்கே அகத்தியமலையைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் படித்தும் கேட்டும் அறிந்தது.

முதலில் உங்கள் திட்டத்தைப் பற்றி. தயவுசெய்து அந்தப் புல்மேட்டில் மரம் நடாதீர்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் கிளம்பியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மலைகளில் அரிய செடிகள் அழிந்ததற்கு மிகப் பெரிய காரணம், புல்வெளியைத் தரிசு என்று நினைத்து அதில் மரம் நட்டதுதான். பறிப்பவர்களால் வரும் சேதம் சில செடிகளுக்கு மிகக் கொடுமையானது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் செடி போனதற்குக் காரணம், அது நின்ற நிலம் போனது.

சுமார் 1,700, 1,800 மீட்டருக்கு மேலே நீலகிரியும் பழனி மலையும் மூணாற்று மலைகளும் இயல்பில் எப்படி இருந்தன என்று தெரிந்தால் இது புரியும். பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்த்தியான சோலைக்காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஓர் எல்லை. மேட்டில் மரம் இல்லாததைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், யாரோ காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்று நினைத்தார்கள். வருவாய்க் கணக்கிலும் அது தரிசாகவே ஏறியது. உண்மை வேறு. நீலகிரியில் சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில் படிந்திருக்கும் கரிமண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனைப் பரிசோதித்திருக்கிறார்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று அது காட்டுகிறது. ஈரம் கூடிய காலங்களில் காடு கொஞ்சம் விரிந்திருக்கிறது, வறண்ட காலங்களில் புல் விரிந்திருக்கிறது. மனிதன் அங்கே குடியேறி மரம் வெட்டியதால் உண்டான நிலம் இல்லை அது. திறந்த மேட்டில் குளிர்கால உறைபனி சோலை மரங்களின் நாற்றைக் கருக்கிவிடுகிறது, புல் அதைத் தாங்கிக்கொள்கிறது. புல்வெளி நிலைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அந்த உறைபனி.

அரிய செடிகளில் பெரும் பகுதி இந்தப் புல்லுக்குள்தான் இருக்கிறது. நீலக்குறிஞ்சி, அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, திறந்த சரிவுக்குரிய செடி. அடர்ந்த நிழல் அதற்கு ஆகாது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத தரை ஆர்க்கிட்டுகள் மழைக்காலத்தில் புல்லோடு புல்லாக எழுந்து, பூத்து, கிழங்காக மண்ணுக்குள் திரும்பிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். காசித்தும்பைக் குடும்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. சில, ஈரப் பாறையில் தண்டே இல்லாமல் இலையும் பூவுமாக மட்டும் வரும். நீலகிரி லில்லி என்ற வெள்ளைப் பூ இருக்கிறது, உண்மையான லில்லி இனங்களில் உலகிலேயே தெற்குக்கோடியில் இயற்கையாக வளர்வது இதுதான். ஈரமான இடங்களில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரோசீராவும் யூட்ரிகுலேரியாவும் இருக்கின்றன. உங்கள் கண்ணுக்கு அந்த மேடு வெறுமையாகத் தெரிந்ததற்கு, நீங்கள் போன மாதமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் புல்லின் மேல் மரம் ஏறிய கதை 180 வருடக் கதை. நீலகிரியில் கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸை 1843-இல் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு மரம் சீகை, அதாவது வாட்டில். ஆரம்பத்தில் விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்கும் காகிதத்துக்கும் மரக்கூழும் தேவைப்பட்டதால் மலைமேடுகள் வேகமாகத் தோப்புகளாயின. பைன் மரமும் சேர்ந்துகொண்டது. கூடவே தேயிலையும், உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் வந்தன. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஒரு விரிவான ஆய்வு, நாற்பது வருடத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கணக்கிட்டது. அதே காலத்தில் சோலைக்காடும் குறைந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. மரம் வெட்டினால் ஊரே பேசும், புல் போனதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சீகையில் பெரிய சிக்கல் என்னவென்றால், நடுவதை நிறுத்தினாலும் அது பரவுவதை நிறுத்தாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினாலோ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வேரில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணின் தன்மையையே மாற்றும். குறைந்த சத்துள்ள மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கு அதுவே பாதகம், நிழல் அதற்கு மேல். ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்கள் நீலகிரியில் இதே வேலையைச் செய்கின்றன. ஊட்டியைச் சுற்றி அவை பூத்து நிற்கும்போது பலர் நின்று படம் எடுக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் முன்பு இருந்த செடிகளின் பெயர் தெரிந்தவர்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

தண்ணீரும் இதில் அடிபடுகிறது. நீலகிரியில் கிளென்மார்கனில், மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சியாளர்கள் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாக விட்டு, இன்னொன்றில் கற்பூர மரம் நட்டு, ஓடையில் வரும் நீரை வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றிலேயே மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மேலே நீர் குறைந்தால் பள்ளத்திலுள்ள சதுப்பு காயும், சதுப்பு காய்ந்தால் அதை நம்பிய செடி போகும்.

சதுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. நீலகிரியின் பழங்குடிகளான தோதவர்களின் கோயில்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், வளைந்த கூரையோடு இருக்கும். அந்தக் கூரை வேய அவர்கள் தேடிப்போகும் புல், எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று தாவரவியலில் பெயர் பெற்றது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்த ரங்காச்சாரியாரின் பெயர் அது. நீலகிரியின் உயரமான சதுப்புகளில் மட்டும் வளரும் புல். காய்கறி போட வடிகால் வெட்டிச் சதுப்பை உலர்த்தியதிலும், அணைகளில் பள்ளங்கள் மூழ்கியதிலும், ஓரங்களில் சீகை ஏறியதிலும் அதன் இடம் சுருங்கிவிட்டது. ஒரு செடி குறைந்ததால் ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்கே பொருள் கிடைக்காமல் போகும் நிலை. இந்தப் புல்லை யாரும் கடத்தி விற்கவில்லை, சுற்றுலாப் பயணி யாரும் பறிக்கவும் இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏன் இவை வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கலாம். இந்த உச்சிகள் ஒவ்வொன்றும் கடலுக்கு நடுவே நிற்கும் தீவு மாதிரி. நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய் அகத்தியமலையைப் பிரிக்கிறது. இடையிலுள்ள சூடான தாழ்நிலத்தை ஒரு குளிர்நிலச் செடியின் விதை தாண்டுவது மிக அரிது. அதனால்தான் ஒவ்வொரு மலைக்கும் சொந்தமான இனங்கள் இத்தனை இருக்கின்றன. ஒரு மலையில் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லாமல் போவதும் அதனால்தான். பழனி மலையில் வட்டக்கானல் பக்கம் கண்டறியப்பட்ட எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி என்ற சோலை மரம், ருத்திராட்சத்தின் உறவு, விரல் விட்டு எண்ணும் அளவில்தான் தெரியவந்தது. அந்தப் பக்கத்தில் நாற்றங்கால் வைத்து அதை வளர்த்தவர்களின் உழைப்பால்தான் இன்று கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

இப்போது பறிப்பது. சில செடிகளுக்கு அதுதான் எமன். அகத்தியமலைக்கே உரிய பாஃபியோபெடிலம் துருரியி என்ற மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட், 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டு, பிறகு நெடுங்காலம் காணாமல் போய், 1970களில்தான் மறுபடி தெரியவந்தது. தெரியவந்ததும் ஆர்க்கிட் சேகரிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடிக்கடி வந்த தீயும் சேர்ந்து, இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஒரே ஒரு மலைப்பகுதியில் சில நூறு செடி மட்டும் இருக்கும் இனத்தில் ஒரு மூட்டை போனாலே கதை முடிந்துவிடும். இப்படிப்பட்ட செடிக்குச் சட்டம் உண்மையாகவே உதவும். இந்தச் செருப்பு ஆர்க்கிட் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகத்தில் தடைசெய்யும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கான பிரிவு 1991-இல்தான் சேர்ந்தது. அதன் பட்டியலில் நெடுநாள் ஆறு வகைகள் மட்டுமே இருந்தன. 2022-இல் செய்த திருத்தத்தில் அது 19 ஆனது, நீலக்குறிஞ்சி அப்போதுதான் உள்ளே வந்தது. பறித்தால், பிடுங்கினால், சேதப்படுத்தினால், வைத்திருந்தால், விற்றால் சிறை வரை போகலாம். ஆனால் பறிப்பதையும் பிடுங்குவதையும் தடுக்கும் பிரிவு பேசுவது காட்டு நிலத்தையும் மத்திய அரசு அறிவிக்கும் பகுதிகளையும்தான். தனியார் பட்டாவில் உள்ள புல்மேட்டைக் கேரட் தோட்டமாக மாற்றுவதை இந்தப் பட்டியல் ஒன்றும் செய்யாது. அதோடு, நான் மேலே சொன்ன சதுப்புப் புல்லோ, பெரும்பாலான காசித்தும்பைகளோ அந்த 19-இல் இல்லை. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குறிஞ்சி அழிய வாய்ப்புள்ள இனமாகச் சேர்ந்ததும் நல்ல செய்திதான். ஆனால் சிவப்புப் பட்டியல் ஓர் எச்சரிக்கை, அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. இடத்தைக் காக்கும் அறிவிப்புகள் தனியாக இருக்கின்றன: நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்கா, கேரளப் பக்கம் இரவிகுளம், 2006-இல் வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பகுதியில் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயம், 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம். செடிக்கு இவைதான் பெரிய காவல். குறிஞ்சிமலையில் பட்டாத் தகராறும் சரணாலயத்துக்குள்ளேயே கற்பூரத் தோப்புகளும் இருந்ததைப் பார்த்தால், அறிவிப்பு மட்டும் போதாது என்பதும் தெரியும்.

குறிஞ்சியைப் பறிப்பது பற்றி ஒரு வார்த்தை. அது பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். அதுவும் ஒரு மலைச்சரிவு முழுவதும் சேர்ந்தாற்போல. பூ உதிர்ந்து சில மாதம் கழித்துத்தான் காய் முற்றி வெடிக்கும். அதற்கு முன் ஒரு கொத்தை ஒடித்தால் அந்தச் செடிக்கு அடுத்த வாய்ப்பே கிடையாது. 2006-லும் 2018-லும் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஒடித்ததையும் மிதித்ததையும் நான் லேசாகச் சொல்ல மாட்டேன். 2030-இல் கூட்டம் இன்னும் பெரிதாக இருக்கும், அதற்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். அப்புறம், ஒவ்வொரு வருடமும் எங்கோ குறிஞ்சி பூத்ததாகச் செய்தி வருகிறதே என்று குழம்ப வேண்டாம். இதே பேரினத்தில் பல டஜன் வகைகள் நம் மலைகளில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூக்கும் சுற்று வேறு. பல நேரம் படத்தில் இருப்பது அந்த உறவுக்காரச் செடியாக இருக்கும். நீலக்குறிஞ்சியே எல்லா இடத்திலும் ஒரே வருடம் பூப்பதில்லை, சில சரிவுகள் வேறு கணக்கில் போகின்றன.

இதுவரை சொன்னதில் புல்வெளியின் பழமை, தோப்புகளால் வந்த இழப்பு, சீகை விதையின் ஆயுள் மூன்றும் எனக்கு உறுதியானவை. இனிமேல் சொல்வதில் அந்த உறுதி இல்லை, துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. முதலாவது, இருக்கிற சீகைத் தோப்பை என்ன செய்வது? மொத்தமாக வெட்டிவிட வேண்டும் என்று ஒரு தரப்பு. ஆனால் பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமாக முளைத்து வருவதைப் பழனி மலையில் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே கையை வைத்தால் சோலை நாற்றும் போகும், மண்ணில் கிடக்கும் சீகை விதை மொத்தமாகக் கிளம்பும். என் கருத்து இது: முதிர்ந்து, உள்ளே சோலை வர ஆரம்பித்த தோப்பை விட்டுவிடலாம். மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையும் இளஞ்சீகையை உடனே அகற்ற வேண்டும். பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது, உயிரோடு இருக்கும் புல்லை முதலில் காப்பாற்றுவதுதான் சரி என்று நினைக்கிறேன். தோப்பை வெட்டிய இடத்தில் பழைய புல்வெளியை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. புல் குத்துகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டு, பச்சையாக்கிவிடலாம், செய்திருக்கிறார்கள். அதில் தரை ஆர்க்கிட் திரும்பி வருமா என்பது வேறு, ஏனென்றால் ஆர்க்கிட்டின் தூசி போன்ற விதை முளைக்க மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சைகள் வேண்டும்.

இரண்டாவது தீ. மலைவாழ் மக்கள் காலங்காலமாகப் புல்லுக்குப் பகுதி பகுதியாகத் தீ வைத்திருக்கிறார்கள், எருமைகளும் மேய்ந்திருக்கின்றன. இரண்டையும் அடியோடு நிறுத்தியதால் சில இடங்களில் புல் முற்றி, புதர் ஏறியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதில் உண்மை இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் சீகை விதை கிடக்கும் நிலத்தில் தீ என்பது முன்பிருந்த தீ இல்லை, அது சீகைக்கு அழைப்பு. எங்கே, எந்த மாதம், எவ்வளவு என்று இடத்துக்கு இடம் முடிவு செய்ய வேண்டிய விஷயம், பொது விதி சொல்ல மாட்டேன். மூன்றாவது, வெயில் கூடி உறைபனி குறைந்தால் மரங்கள் தாமாகவே மேட்டில் ஏறுமா என்பது. நடக்கக்கூடியதுதான், ஆனால் இன்று கண்ணெதிரே நடக்கும் பரவலில் பெரும்பகுதிக்கு நாம் கொண்டுவந்த மரங்களே காரணமாகப் போதும்.

சரி, உங்கள் குழு என்ன செய்யலாம்? மரம்தான் நட வேண்டும் என்றால், நடப்போகும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று முதலில் கேளுங்கள். ஊரிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியும், பழைய வரைபடங்களிலும் இருக்கும். சிதைந்துபோன சோலையின் ஓரமாகவோ ஓடைக்கரையாகவோ இருந்தால், அந்த மலையிலேயே விதை எடுத்து வளர்த்த சோலை நாற்றுகளை நடலாம். மலைச் செண்பகம், நாவல் வகைகள், காட்டு இலவங்க வகைகள், ரோடோடென்ட்ரான் ஆகியவற்றை உள்ளூர் நாற்றங்கால்களில் கேட்டுப் பாருங்கள். சமவெளி நாற்றங்காலிலிருந்து ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், தொட்டி மண்ணோடு களை விதையும் ஏறி வரும். புல்மேடாக இருந்தால் நடுவதற்குப் பதில் பிடுங்குங்கள். மழை முடிந்து மண் நெகிழ்ந்திருக்கும்போது இடுப்பளவு வரையிலான சீகை நாற்று கையாலேயே வேரோடு வரும். பெரிய மரங்களைத் தொடாதீர்கள், அது வனத்துறையின் வேலை. ஒரு முறை பிடுங்கிவிட்டுப் படம் போட்டுவிட்டு வந்தால் பயன் இல்லை, அதே இடத்துக்கு வருடா வருடம் போக வேண்டும். சீகையிலேயே சில வகைகள் அறுந்த வேரிலிருந்தும் துளிர்க்கும், அதனால் எந்த வகை என்று தெரிந்தவர் ஒருவர் கூட இருப்பது அவசியம். சதுப்புக்குள் கால் வைக்காதீர்கள், ஓரமாகச் சுற்றிப் போங்கள். அரிய ஆர்க்கிட் எதையாவது பார்த்தால் படம் எடுங்கள், இடத்தின் பெயரையும் வரைபடக் குறியையும் பொதுவெளியில் போடாதீர்கள். வாங்குபவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆள் அனுப்புகிறார்கள்.

எதுவாக இருந்தாலும் காட்டு நிலம் என்றால் வனச்சரகரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, களை எடுக்கக்கூட. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றிப் பழைய வாழிடத்தை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்டால் பேசுவதற்கு வழி இருக்கும். மேட்டின் இடத்தையும் உயரத்தையும், மழைக்குப் பிறகு எடுத்த இரண்டு மூன்று படங்களையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பினால், அங்கே என்னென்ன நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கன்றுகளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.